ஒரு நாளை ப்ளான் பண்றது எப்படி: வேலைய எழுதுறதுக்கு முன்னாடி நேரத்தை எண்ணுங்க

காலைல உக்காந்து அன்னைக்கு செய்ய வேண்டியதெல்லாம் லிஸ்ட் போடுறோம், பதினஞ்சு வேலை வருது, ராத்திரி பாத்தா நாலோ அஞ்சோதான் முடிஞ்சிருக்கு, மிச்சத்தை அப்படியே அடுத்த நாளுக்கு தள்ளிட்டு மனசு கேக்காம படுக்குறோம். புதுசா ப்ளான் பண்ண ஆரம்பிக்கிறவங்க நிறைய பேருக்கு முதல் வாரம் இப்படித்தான் போகும், ரெண்டாவது வாரம் நோட்டு மூலைக்கு போயிடும், நமக்கு இதெல்லாம் ஒத்து வராதுன்னு முடிவு பண்ணிடுவாங்க. இது சோம்பேறித்தனம் இல்லைங்க. அந்த லிஸ்ட்ல வேலை இருக்கு, நேரம் இல்ல. பதினஞ்சு வேலைக்கும் சேத்து எத்தனை மணி நேரம் வேணும், அன்னைக்கு நம்ம கைல நிஜமா எத்தனை மணி நேரம் இருக்கு, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்காம போட்ட லிஸ்ட் அது.

அதனால இங்க சொல்லப்போற முறை கொஞ்சம் தலைகீழா இருக்கும். முதல்ல நேரத்தை எண்ணுவோம், அப்புறம்தான் வேலைய எழுதுவோம். ஒண்ணொண்ணா போவோம், எல்லாத்தையும் முதல் நாளே செய்யணும்னு இல்ல, கடைசில முதல் வாரத்துக்கு எது போதும்னு தனியா சொல்றேன்.

எதுல எழுதுறது

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். ஃபோன்ல இருக்குற காலண்டரும் ஓகேதான். எந்த ஆப் நல்லதுன்னு தேடி, ரிவ்யூ பாத்து, இறக்கி, கலர் கலரா செட் பண்ணி, அதுலயே ரெண்டு நாள் போயிடும், அந்த ரெண்டு நாளும் ஏதோ உருப்படியா பண்ணின மாதிரி தோணும், ஆனா ஒரு வேலையும் நகந்திருக்காது. முதல் ஒரு மாசம் பேப்பர்தான் என்னோட சிபாரிசு, ஏன்னா பேப்பர்ல நோட்டிஃபிகேஷன் வராது, அதோட ஒரு வேலைய நாளைக்கு தள்ளணும்னா கையால திருப்பி எழுதணும், அப்படி எழுதும்போதே இது நிஜமா தேவையான்னு ஒரு கேள்வி வரும். ஆப்ல விரலால தள்ளி விட்டுட்டு போயிடுவோம்.

ஒரே ஒரு கண்டிஷன், எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். கொஞ்சம் நோட்டுல, கொஞ்சம் வாட்ஸ்ஆப்ல நமக்கே அனுப்பின மெசேஜ்ல, கொஞ்சம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டின சீட்டுல, கொஞ்சம் தலைக்குள்ளன்னு இருந்தா அது ப்ளான் ஆகாது.

முதல் படி: மூணு நாள் சும்மா குறிச்சு வைங்க

எதையும் மாத்தாதீங்க. எப்பவும் போல இருங்க. ஆனா ஒரு வேலைல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போதெல்லாம் மணி என்ன, என்ன ஆரம்பிச்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. 9.10 மெயில், 9.35 ரிப்போர்ட், 9.50 ஃபோன் கால், 10.05 ஃபோன்ல ஸ்க்ரோல், இவ்வளவு போதும். இத வேற யாரும் பாக்கப்போறதில்ல, அதனால உள்ளதை உள்ளபடி எழுதுங்க.

மூணாவது நாள் ராத்திரி இத எடுத்து பாத்தா ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, குளிக்க, சாப்பிட, கிளம்ப, துணி மடிக்க, பாத்திரம் கழுவ, யாராவது கூப்பிட்டா பேச, இதுக்கெல்லாம் நாம நினைக்கறத விட ரொம்ப அதிக நேரம் போகுது. இது வீண் இல்ல, இதுதான் வாழ்க்கை, ஆனா ப்ளான் போடும்போது இதுக்கு நேரமே ஒதுக்குறதில்ல. ரெண்டாவது, ஒரே வேலைல விடாம உக்காந்திருக்குற நேரம் ரொம்ப சின்னச் சின்ன துண்டா இருக்கும். இந்த ரெண்டும் உங்க கையெழுத்துல கண்ணு முன்னாடி இருந்தாதான் அடுத்த படி நம்புற மாதிரி இருக்கும், அதனால அவசரப்பட்டு இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

ரெண்டாவது படி: முந்தின நாள் ராத்திரி தலைல இருக்கறத இறக்குங்க

ப்ளான் போட சரியான நேரம் காலை இல்ல, முந்தின நாள் சாயங்காலமோ ராத்திரியோதான். காலைல எந்திரிச்சு போட்டா, அதுக்குள்ள ஒரு மெசேஜ் வந்திருக்கும், யாரோ எதையோ கேட்டிருப்பாங்க, நம்ம நாள் அவங்க கேட்டதுல இருந்து ஆரம்பிச்சிடும்.

படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பாக்கி இருக்குற வேலை எல்லாத்தையும் வரிசை பாக்காம கொட்டுங்க. பெருசு சின்னது, ஆஃபீஸ் வீடு, எதுவும் பிரிக்க வேணாம். இதுக்கு ஒரு நல்ல ஆதாரமும் இருக்கு. அமெரிக்கால பேய்லர் யுனிவர்சிட்டில மைக்கேல் ஸ்கல்லின்னு ஒரு தூக்க ஆராய்ச்சியாளரோட குழு 57 பேரை தூக்க லேப்ல படுக்க வச்சு பாத்தாங்க, ரிசல்ட் 2018ல வந்துச்சு. பாதிப் பேர் படுக்கப் போறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் இனிமே செய்ய வேண்டியத எழுதினாங்க, மீதிப் பேர் ஏற்கனவே செஞ்சு முடிச்சத எழுதினாங்க. செய்ய வேண்டியத எழுதினவங்கதான் சீக்கிரம் தூங்கினாங்க, அதுலயும் விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரம். பாக்கி வேலைய எழுதினா டென்ஷன் ஏறும்னுதான் நாம நினைப்போம், நடக்கறது அதுக்கு நேர்மாறு. மசிகாம்போ, பௌமைஸ்டர்னு ரெண்டு பேர் 2011ல வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்லுது, முடிக்காத வேலை மனசுக்குள்ள வந்து தொந்தரவு பண்ணிக்கிட்டே இருக்கும், ஆனா அத எப்படி எப்ப செய்யப்போறோம்னு ஒரு ப்ளான் போட்டுட்டா, வேலைய இன்னும் தொடலன்னாலும் அந்த தொந்தரவு அடங்கிடுது.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம் பாத்துக்கோங்க. "ரிப்போர்ட்", "இன்ஷூரன்ஸ்", "அண்ணன் விஷயம்" இப்படி ஒத்தை வார்த்தைல எழுதாதீங்க. அடுத்த நாள் அத பாத்தா என்ன செய்யணும்னு மறுபடி யோசிக்கணும், யோசிக்க சோம்பலா இருக்கும், வேற எதுக்காவது போயிடுவோம். "ரிப்போர்ட்டோட முதல் ரெண்டு பக்கம் எழுதணும்", "இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு அலமாரில தேடணும்", இப்படி கையால செய்யக்கூடிய ஒரு செயலா எழுதுங்க.

மூணாவது படி: நிஜமா எத்தனை மணி நேரம் இருக்கு

இதுதான் முக்கியமான படி, இங்க கொஞ்சம் நிதானமா இருங்க.

ஒரு உதாரணத்துக்கு ஆஃபீஸ் போற ஒருத்தர எடுத்துக்குவோம். காலைல 6.30க்கு எந்திரிக்கிறார், ராத்திரி 10.30க்கு படுக்குறார், முழிச்சிருக்கற நேரம் 16 மணி. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, குழந்தைங்க இதெல்லாம் சேத்து 4 மணி. போய் வர ஒன்றரை மணி. ஆஃபீஸ் 9 மணி. கூட்டிப் பாத்தா பதினாலரை, மீதி ஒன்றரை மணி நேரம். அதுதான் அவரோட சொந்த நேரம், அதுலதான் படிக்கணும், நடக்கணும், வீட்ல உக்காந்து பேசணும்.

சரி, ஆஃபீஸ்ல 9 மணி நேரம் இருக்கேன்னு தோணும். அதையும் பிரிங்க. சாப்பாடு, நடுவுல ப்ரேக் 1 மணி. மீட்டிங் 2 மணி. மெயில், கால், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நிமிஷம்னு வந்து கேக்கறது, இதெல்லாம் சேத்து 2 மணி. மீதி 4. அதுலயும் எதிர்பாக்காம வந்து விழற வேலைக்குன்னு 1 மணி நேரத்தை எடுத்து வச்சே ஆகணும், ஏன்னா என்ன வரும்னு தெரியாட்டியும் ஏதோ ஒண்ணு வரும்னு தெரியும். ஆக மிச்சம் 3 மணி நேரம். 9 மணி நேரம் ஆஃபீஸ்ல இருக்குற ஒரு மனுஷன், தானா முடிவு பண்ணி உக்காந்து செய்யற வேலைக்கு இருக்கறது 3 மணி.

மொத தடவை இந்த கணக்கு போடும்போது நிறைய பேருக்கு பகீர்னு இருக்கும். ஆனா தயவுசெஞ்சு போடுங்க, உங்க நாளுக்கு, உங்க எண்ணு வச்சு, மூணு நாள் குறிப்ப பாத்து போடுங்க. இந்த 3 மணி தெரிஞ்சுட்டா, லிஸ்ட்ல இருக்கற பதினஞ்சும் ஒரு நாள்ல முடியாதுன்னு சண்டையே இல்லாம புரிஞ்சிடும். முடியாததுக்காக நம்மள நாமே திட்டிக்கறது அங்கயே நின்னு போயிடும், எனக்கு இந்த முறைல ரொம்ப பிடிச்சது இதுதான்.

ஒரு முக்கியமான விஷயம், நேரம் பத்தலன்னு தூக்கத்துல இருந்து எடுக்காதீங்க. பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேர தூக்கம் வேணும்னுதான் தூக்க மருத்துவ அமைப்புங்க சொல்றாங்க. அதுல ஒரு மணிய வெட்டி வேலைக்கு குடுத்தா, அடுத்த நாள் அதே வேலை மெதுவாத்தான் நகரும், கணக்கு எப்படி பாத்தாலும் நஷ்டம்.

நாலாவது படி: ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல நிமிஷம் போடுங்க

இப்ப அந்த கொட்டின லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எவ்வளவு நேரம் ஆகும்னு எழுதுங்க. எழுதிட்டு, அத ஒன்றரை மடங்கு ஆக்குங்க. 40 நிமிஷம்னு தோணுச்சுன்னா 60 போடுங்க. இதுவரைக்கும் செஞ்சே இல்லாத வேலையா இருந்தா ரெண்டு மடங்கு.

ஏன்னா மனுஷங்க எல்லாரும் நேரத்தை குறைச்சுத்தான் கணிப்போம், இது ஒருத்தரோட குறை இல்ல. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் 1979லயே இத எழுதிட்டாங்க. 1994ல வந்த ஒரு ஆய்வுல, தீசிஸ் எழுதிக்கிட்டிருந்த மாணவர்கள்ட்ட எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க, சராசரியா 33.9 நாள்னு சொன்னாங்க. சரி, எல்லாமே மோசமா போச்சுன்னா எத்தனை நாள்னு கேட்டதுக்கு 48.6 நாள்னு சொன்னாங்க. நிஜமா ஆனது 55.5 நாள். அதாவது எல்லாம் சொதப்பினா என்ன ஆகும்னு யோசிச்சு சொன்ன கணக்கையே உண்மை தாண்டிடுச்சு. பெரிய பெரிய இன்ஜினியர்ங்க சேந்து போட்ட திட்டமும் இப்படித்தான், ஆஸ்திரேலியால இருக்கற சிட்னி ஓபரா ஹவுஸ்ங்கற பெரிய கலையரங்கம் 1963க்குள்ள, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல முடியும்னு ஆரம்பிச்சு, 1973ல 10 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல வந்து நின்னுச்சு.

இதுக்கு நல்ல மருந்து என்னன்னா, இந்த தடவை எவ்வளவு ஆகும்னு யோசிக்காம, போன தடவை எவ்வளவு ஆச்சுன்னு பாக்கறது. அதுக்குத்தான் முதல் படில எழுதின குறிப்பு. போன மாச ரிப்போர்ட்டுக்கு ரெண்டரை மணி ஆச்சுன்னா இந்த மாசமும் ரெண்டரை மணிதான், இந்த தடவை வேகமா முடிச்சிடுவேன்னு மனசு சொல்றத நம்பாதீங்க.

ரெண்டு மணி நேரத்துக்கு மேல போற எந்த வேலையும் லிஸ்ட்ல அப்படியே இருக்கக்கூடாது, உடைங்க. எங்க உடைக்கறதுன்னு தெரியலன்னா, அதுல முதல் அரை மணி நேரம் என்ன செய்வீங்களோ அத மட்டும் ஒரு வேலையா எழுதுங்க, அடுத்தது தானா தெரியும்.

அஞ்சாவது படி: எது இன்னைக்கு, எது இன்னைக்கு இல்ல

3 மணி நேரம் இருக்கு, வேலை 11 மணி நேரத்துக்கு இருக்கு. இப்ப தேர்ந்தெடுக்கணும். முதல்ல ஒண்ணே ஒண்ணு எடுங்க, இன்னைக்கு வேற எதுவும் நடக்கலன்னாலும் இது நடந்தா போதும்னு இருக்கற வேலை. அத மேல பெருசா எழுதுங்க. அப்புறம் மிச்ச நேரத்துல அடங்கற அளவுக்கு ரெண்டோ மூணோ. நேரம் நிரம்பினதும் பேனாவ மூடிடுங்க. மிச்சமெல்லாம் வேற பக்கத்துல, பின்னாடி பாத்துக்கலாம்னு பத்திரமா இருக்கட்டும்.

அந்த ஒண்ண எப்படி எடுக்கறதுன்னு குழப்பம் வரும். அவசரமும் முக்கியமும் வேற வேற, இத அமெரிக்க அதிபரா இருந்த ஐசன்ஹோவர் 1954ல ஒரு கூட்டத்துல பேசும்போது, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதா எடுத்துச் சொன்னார். ஃபோன் அடிக்கறது அவசரம், ஆனா பெரும்பாலும் முக்கியம் இல்ல. உடம்ப செக் பண்ணிக்கறது, பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி படிக்க ஆரம்பிக்கறது, வேலை மாற ரெஸ்யூம் தயார் பண்றது இதெல்லாம் முக்கியம், ஆனா எதுவும் இன்னைக்கே செய்னு சத்தம் போடாது, அதனாலதான் வருஷக்கணக்கா கிடக்கும். வாரத்துல ரெண்டு நாளாவது அந்த மேல இருக்கற ஒண்ணு, சத்தம் போடாத வேலைகள்ல இருந்து வரணும்னு வச்சுக்கோங்க.

ஆறாவது படி: கடிகாரத்துல உக்கார வைங்க

இன்னைக்கு ரிப்போர்ட் எழுதணும்னு வச்சிருந்தா அது ஆசை. 10 மணிக்கு, மேஜைல உக்காந்ததும், மெயில் திறக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டோட முதல் ரெண்டு பக்கம்னா அது ப்ளான். எப்போ எங்க எதுன்னு முன்கூட்டியே முடிச்சுப் போடறதால எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பீட்டர் கோல்விட்ஸர்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர் ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். அந்த வழில 2002ல பிரிட்டன்ல மாணவர்கள வச்சு உடற்பயிற்சி பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு எதுவும் சொல்லல, அவங்கள்ல 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி பண்ணினாங்க. இன்னொரு கூட்டத்துக்கு இதயத்துக்கு எவ்வளவு நல்லதுன்னு படிக்கக் குடுத்தாங்க, 35 சதவீதம். மூணாவது கூட்டம் அதையும் படிச்சுட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கன்னு எழுதியும் குடுத்தாங்க, 91 சதவீதம். அறிவுரை கேட்டதால ஒண்ணும் மாறல, நாளும் நேரமும் இடமும் எழுதினதால மாறிச்சு.

எந்த வேலைய எந்த நேரத்துல வைக்கறதுன்னா, மூளைக்கு கஷ்டமான வேலைய நீங்க தெளிவா இருக்கற நேரத்துல வைங்க. நிறைய பேருக்கு எந்திரிச்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஒரு நல்ல நேரம் வரும், மதியம் ஒரு மணில இருந்து மூணு மணி வாக்குல ஒரு மந்தம் வரும், இது சாப்பாட்டால மட்டும் இல்ல, உடம்போட சொந்த கடிகாரமும் அந்த நேரத்துல கொஞ்சம் இறங்கும். ஆனா ராத்திரிதான் தலை ஓடுதுன்னு சிலர் சொல்வாங்க, அது சாக்கு இல்ல, பிறவிலயே அப்படி இருக்கறவங்க இருக்காங்க. விடிகாலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சாதான் முன்னேற முடியும்னு யாராவது சொன்னா அத எல்லாருக்குமான சட்டமா எடுத்துக்காதீங்க. உங்க மூணு நாள் குறிப்புல எந்த நேரத்துல வேலை மளமளன்னு ஓடியிருக்குன்னு பாருங்க, அதுதான் உங்க நேரம்.

மந்தமான நேரத்துக்கு மெயில், பில் கட்டறது, ஃபைல் அடுக்கறது, ஃபோன் கால் இதெல்லாம் சேத்து ஒரு கட்டா வைங்க. மெயில நாள் முழுக்க திறந்து வைக்காம ரெண்டு மூணு தடவை மட்டும் பாத்தா போதுமான வேலையா இருந்தா, அப்படியே பண்ணுங்க.

ஒரு வேலை முடிஞ்ச அதே நிமிஷம் அடுத்தது ஆரம்பிக்கற மாதிரி நெருக்கி போடாதீங்க. நடுவுல 10, 15 நிமிஷம் காலியா விடுங்க. காலை 10 மணி வேலை இழுத்துச்சுன்னா இடிச்சு இடிச்சு சாயங்காலம் வரைக்கும் எல்லாம் கலைஞ்சிடும், அந்த காலி இடம்தான் தாங்கும்.

ஏழாவது படி: உக்காந்து செய்யறப்ப

ஆரம்பிக்கறதுதான் கஷ்டம், அதுக்கு டைமர் நல்ல துணை. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் காலேஜ்ல படிக்கும்போது, 1980கள் கடைசில, தக்காளி வடிவ சமையல் டைமர் ஒண்ண வச்சு ஆரம்பிச்ச முறை இப்ப உலகம் முழுக்க ஓடுது. 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ப்ரேக், இப்படி நாலு தடவை ஆனதும் 15ல இருந்து 30 நிமிஷம் பெரிய ப்ரேக். 25 நிமிஷம்தானேன்னு மனசு ஒத்துக்கும், அதுதான் இதோட பலம். எழுதறது, கோடிங் மாதிரி உள்ள போகவே இருபது நிமிஷம் ஆகற வேலைக்கு இது சின்னதா இருந்தா 50க்கு 10ன்னு வச்சுக்கோங்க, 25ங்கறது வேதவாக்கு இல்ல.

ஃபோன் வேற ரூம்ல. சைலன்ட்ல போட்டு மேஜைல கவுத்து வைக்கறது எனக்கு தெரிஞ்சவங்க பாதிப் பேருக்கு வேலை செய்யல, கை தானா போயிடும். வீட்ல சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருந்து அவசர கால் வரலாம்னா அவங்க நம்பருக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி செட்டிங் இருக்கு, அத போட்டுட்டு தூரமா வைங்க.

பக்கத்துல ஒரு துண்டு பேப்பர் இருக்கட்டும். நடுவுல கரன்ட் பில் ஞாபகம் வரும், யாருக்கோ பதில் சொல்லணும்னு தோணும், எந்திரிக்காம அதுல ஒரு வார்த்தை எழுதிட்டு வேலைக்கு திரும்புங்க.

யாராவது நிஜமாவே வந்து கூப்பிட்டாங்க, எந்திரிச்சுதான் ஆகணும்னா, போறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் எடுத்து எங்க நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதல்ல என்ன செய்யணும்னு ஒரு வரி எழுதிட்டு போங்க. சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினாங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா, கவனத்துல ஒரு பகுதி பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குமாம். பின்னாடி அவங்களே பாத்ததுல, இந்த மாதிரி ஒரு குறிப்பு எழுதிட்டு எந்திரிச்சா அந்த ஒட்டல் குறையுது. சின்ன பழக்கம், ஆனா இந்த முழு கட்டுரைலயும் ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் எடுத்துக்குவேன்னு யாராவது சொன்னா நான் இததான் குடுப்பேன்.

ப்ளான் கலைஞ்சா

கலையும். குழந்தைக்கு காய்ச்சல் வரும், மேலதிகாரி பத்து மணிக்கு புது வேலை ஒண்ண தூக்கிட்டு வருவார், நெட் போயிடும். இங்கதான் புதுசா ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் விட்டுடறாங்க. காலை 11 மணிக்கு ப்ளான் கெட்டுப் போச்சு, சரி இன்னைக்கு நாளே போச்சு, நாளைல இருந்து பாத்துக்கலாம்னு மிச்சம் இருக்கற பத்து மணி நேரத்தையும் சேத்து விட்டுடுவாங்க.

அதுக்கு பதிலா, மதியம் சாப்பிட்டு முடிச்சதும் அஞ்சு நிமிஷம் நோட்ட திறங்க. இப்ப மணி என்ன, இன்னும் எத்தனை மணி நேரம் நிஜமா இருக்கு, மூணாவது படி கணக்க சின்னதா திருப்பி போடுங்க. காலைல 3 மணி இருந்துச்சு, இப்ப ஒன்னேகால் மணிதான் இருக்குன்னா, ஒன்னேகால் மணிக்கு எது அடங்கும்னு பாருங்க. மேல பெருசா எழுதின அந்த ஒண்ணு இன்னும் தொடலன்னா, அத சுருக்க முடியுமான்னு பாருங்க, ரெண்டு பக்கத்துக்கு பதிலா ஒரு பக்கம், முழு அலமாரிக்கு பதிலா ஒரு தட்டு. சுருக்க முடியாதத வேற நாளுக்கு மாத்துங்க, சும்மா நாளைக்குன்னு இல்லாம எந்த நாள் எத்தனை மணிக்குன்னு எழுதி மாத்துங்க. உங்க வேலைக்காக வேற யாராவது காத்திருக்காங்கன்னா அப்பவே ஒரு மெசேஜ் போட்டுடுங்க, இன்னைக்கு முடியல, வியாழக்கிழமை சாயங்காலம் குடுத்துடறேன்னு. ராத்திரி பத்து மணிக்கு சொல்றதுக்கும் மதியம் ரெண்டு மணிக்கு சொல்றதுக்கும் கேக்கறவங்களுக்கு நிறைய வித்தியாசம் இருக்கு.

மேலதிகாரி புது வேலை குடுத்தா முடியாதுன்னு சொல்றது எல்லாருக்கும் முடியாது, அது புரியுது. ஆனா உங்க பேப்பர காட்டி, இன்னைக்கு இந்த மூணும் இருக்குங்க, இத சேத்தா எத தள்ளி வைக்கட்டும்னு கேக்கலாம். மணிக்கணக்கோட இருக்கற பேப்பர பாத்தா அவங்களுக்கும் முடிவெடுக்க சுலபம்.

ராத்திரி முடிக்கறது

ரெண்டாவது படிய செய்யற அதே நேரத்துல இதையும் சேத்துக்கலாம். இன்னைக்கு போட்ட நிமிஷத்துக்கு பக்கத்துல நிஜமா எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதுங்க, ரெண்டு வாரத்துல உங்க கணிப்பு தானா சரியாகிக்கிட்டே வரும். முடிக்காதத அப்படியே நாளைக்கு காப்பி பண்ணாதீங்க. ஒரே வேலை மூணு தடவை தள்ளிப் போயிருந்தா நின்னு கேளுங்க, இது ரொம்ப பெருசா இருக்கா, அப்ப உடைங்க, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலயா, அப்ப தெரிஞ்சவங்கள கேக்கறதுதான் முதல் வேலை, இல்ல நிஜமாவே இது செய்ய வேண்டியதே இல்லயா, அப்ப அடிச்சிடுங்க.

எல்லாருக்கும் ஒரே நாள் இல்ல

கைக்குழந்தை வச்சிருக்கறவங்க, நோயாளிய பாத்துக்கறவங்க, இவங்களுக்கு மணி வாரியா போட்ட ப்ளான் ஓடாது. அவங்க நேரத்தை வச்சு கட்டாம நிகழ்ச்சிய வச்சு கட்டலாம், குழந்தை தூங்கினதும் இது, முழிச்சா இத நிறுத்திட்டு அதுன்னு. வேலைகளையும் 15 நிமிஷ துண்டா உடைச்சு தயாரா வச்சிருந்தா, எப்ப ஒரு இடைவெளி கிடைச்சாலும் யோசிக்காம ஒண்ண எடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு துண்டு முடிஞ்சாலே அது முழு ப்ளான்தான், அடுத்தவங்களோட பக்கத்த பாத்து ஒப்பிடாதீங்க.

ஷிஃப்ட்ல போறவங்க காலை, மதியம்னு எழுதாம எந்திரிச்சு எத்தனாவது மணின்னு எழுதுங்க, ஷிஃப்ட் மாறினாலும் அதே அமைப்பு அப்படியே வரும். மாணவர்களுக்கு ஒண்ணே ஒண்ணு, படிக்கற நேரத்தை பாடம் பேர்ல எழுதாம என்ன செஞ்சு முடிப்பேன்னு எழுதுங்க, கணக்கு 2 மணி நேரம்னு எழுதறதுக்கும் மூணாவது அத்தியாயத்துல பத்து கணக்கு போடறதுன்னு எழுதறதுக்கும் ரொம்ப தூரம்.

முதல் வாரத்துக்கு இது போதும்

திங்கள், செவ்வாய், புதன் குறிப்பு மட்டும், வேற எதுவும் மாத்தாதீங்க. புதன் ராத்திரி மூணாவது படி கணக்கு, நிதானமா, ஒரு அரை மணி நேரம் குடுங்க. வியாழனும் வெள்ளியும் ஒரே ஒரு வேலைய மட்டும் எடுத்து, எப்போ எங்கன்னு முந்தின நாள் ராத்திரியே எழுதி, அத மட்டும் செய்யுங்க, மிச்ச நாள் எப்பவும் போல போகட்டும். சனிக்கிழமைக்கு ப்ளானே வேணாம், ஓய்வெடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் உக்காந்து அடுத்த வாரத்துல ஏற்கனவே நேரம் குறிச்சிருக்கற மீட்டிங், டாக்டர், விசேஷம் எல்லாத்தையும் முதல்ல எழுதிடுங்க, அப்புறம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி மிஞ்சுதுன்னு அந்தந்த நாளுக்கு மேல ஒரு எண்ணா போடுங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து அந்த எண்ணுக்கு உள்ள அடங்கற மாதிரி ரெண்டு வேலை, மூணு வேலைன்னு மெதுவா ஏத்திக்கலாம்.